மார்பகம் என்று போட்டிருந்தது

பினாங்கு
14.8.1986

அன்பு மகள் ரோஹானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் அருளால் நான் சுகம். கூச்சிங்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஆமாம் மகளே, கையெழுத்து என்னுடையதுதான்! முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதத்தில் கடிதம் எழுத வந்துவிட்டது, எனக்கே நம்ப முடியவில்லை. இதுவரை நான் சொல்ல அம்மா எழுதினாள். இதை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டாள், நான் செய்யவில்லை.

போன மாதம் நம் கம்பத்து ஊர் மண்டபச் சுவரில் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இப்போது எதைக் கண்டாலும் எனக்கு வாசிக்க ஆசை. பெண்களுக்கு இலவச மார்புப் பரிசோதனை என்று சத்தமாக வாசித்து, இருமல் சளிக்குத்தான் என்று விளக்கமும் நானே சொல்லி, வீடு வீடாகப் போய்ப் பெண்களை அனுப்பிவைத்தேன். மார்பு இல்லையாம், மார்பகம் என்று போட்டிருந்ததாம். நடுவில் இருந்த 'க'வை நான் விழுங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி பக்கமே தலைகாட்டாத நம் பெண்கள் இருமிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் கனகேஸ்வரி மிஸ்ஸி திரைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னதும் பக்கத்து வீட்டுக் காமாரியா, "இருமலுக்கு எதுக்குலா இதெல்லாம்?" என்று சண்டைக்குப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மிஸ்ஸி வாசலை மறித்து, "ஆம்பள ஒருத்தரும் உள்ள இல்லக்கா, நான் மட்டும்தான். வந்தது வந்துட்டீங்க, பாத்துட்டே போங்கலா" என்று கெஞ்சியிருக்கிறார். அம்மாதான் முதலில் திரைக்குள் போனாள். ஏன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நோன்புக்கு முன்பிருந்தே இடது பக்கம் ஒரு கட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

மிஸ்ஸியே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார். ஊசி குத்திப் பார்த்தார்கள், முடிவும் வந்துவிட்டது. இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். வருகிற இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். அம்மா மாட்டேன் என்கிறாள். டாக்டர் ஆண். "ஒரு ஆம்பள முன்னாடி என்னைக் கிடத்துவீங்களா? அதுக்கு இப்படியே மவுத்தாப் போறேன்" என்கிறாள். நோயின் பேரை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். மிஸ்ஸி வந்து பேசினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறாள். நேற்று ஒன்றுமே நடக்காததுபோல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகளே, அம்மாவுக்குப் புத்துநோய்.

இந்த வரியை எழுதி நிமிர்ந்தால் அவள் பின்னால் நிற்கிறாள். எல்லாவற்றையும் படித்துவிட்டாள். கிழித்துவிடுவாள் என்று தாளைக் கையால் மூடினேன். என் கையை நகர்த்திவிட்டு, "புத்து இல்லங்க, புற்று. வல்லின ற் போடணும். வாத்தியார் சொல்லித் தரலையா?" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பென்சிலோடு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரோஹானாவ வரச் சொல்லுங்க. அவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போவேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

தாயே, செவ்வாய்க்கு முன்னால் வந்து சேர். காஜா மொய்தீன் கடைக்குப் போன் போட்டு வரும் நாளைச் சொல். நீயும் கூச்சப்படாமல் அங்கே ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள், மிஸ்ஸி சொல்லச் சொன்னார். உங்கள் இருவரையும் அல்லாஹ் காத்துக்கொள்வான். மறந்துவிடாதே, அவள் மனசு மாறுவதற்குள் வந்துவிடு.

உன் அத்தா
சிக்கந்தர்