ராஜா விளக்குப் போட்ட கதை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சின்னவளும் சுகம்தானே? போன் செய்தால் உன் தையல் மெஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இத்தனை நாள் இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தூக்கிக்கொண்டிருந்தவளை இந்த வாரம் தீ விபத்துப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அளவெடுப்பார், படம் எடுப்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் கூடப் போக வேண்டும். முதல் இடமே ஒரு மெத்தைக் கடை. பஞ்சு எரிந்த வாடை இன்னும் என் முடியில் இருக்கிறது. கடைக்காரர் கருகிய சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் 'ம்' என்பார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சர்வேயர் என்னிடம், கொஞ்சம் பேச்சுக் கொடும்மா என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது நம் வீட்டுக் கதைதானே. எரிந்த சுவிட்ச் போர்டைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது. கூடத்து சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்று பலகைமேல் ஏறி, துடைப்பக் கட்டையை நீட்டி, "எல்லாரும் ஒதுங்குங்க, ராஜா விளக்குப் போடப் போறார்" என்பாரே, அதைச் சொன்னேன். விளக்கு எரிந்ததும் நம் எல்லோருக்கும் குனிந்து ஒரு வணக்கம் வைப்பாரே, அதை நடித்தே காட்டினேன். மனுஷர் சிரித்துவிட்டார். அப்புறம் பேச்சை நிறுத்தவே இல்லை.

உன் தையல் கடைக்கு என் பேச்சைக் கேட்டு எங்கள் கம்பெனியிலேயே பாலிசி எடுத்தது நல்லதாயிற்று. எனக்கு நிம்மதி.

உன் வாயாடி

மார்ச் 12

வாயாடிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். உன் தங்கச்சி வாய்க்கும் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனி இருக்கிறதே என்றார். சின்னவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாளாக ராஜாவாகத் திரிகிறாள்.

அப்பா போன பிறகு இந்தக் கதையைச் சொல்லி நாம் சிரிக்கவே இல்லை. வெந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரைச் சிரிக்க வைத்தாயே, அதுவும் ஒரு புண்ணியம்தான். நானும் அப்பா பெண்தான், என் தேய்ப்புப் பெட்டி வயரில் டேப் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் துணியைக் கேட்டு வாசலில் நிற்கும்போது கடைக்குப் போய் வயர் வாங்க யாருக்கு நேரம்?

நீ வந்து எத்தனை நாளாயிற்று? கடிதம் வந்தால் ஆள் வந்ததாகிவிடுமா? வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அத்தானுக்குப் படித்துக் காட்டாதே.

மெத்தைக் கடைக்காரருக்குப் பணம் கிடையாது என்று முடிவாகிவிட்டது. என்னால்தான். அன்றைக்குச் சிரித்துவிட்டு அவர் சொன்னார், "எங்க கடையிலயும் இதே கூத்துதாம்மா. ஒரு மாசமா அந்த போர்டு பொறி பறக்குது. நானும் குச்சியாலதான் தட்டுவேன்." சர்வேயர் தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டால் பாலிசியில் பணம் கிடையாது. பின்பக்கம் போவதும் ஆள் பேசுவதைக் கேட்பதும் அவர்களுக்கு வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கிளெய்ம் ஆபீசர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். இரண்டு முறை போய்க் கேட்டும் வராத பதில் ஒரு கதையில் வந்துவிட்டதாம். பயிற்சி வகுப்பில் என்னை நிற்க வைத்து, திரும்ப நடித்துக் காட்டச் சொன்னார். நடித்தேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், கை தட்டினார்கள். தட்டியதும் நான் குனிந்து வணக்கம் வைத்தேன் அக்கா, அப்பா மாதிரியே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் கடைக்காரர் ஆபீசுக்கு வந்தார். நான் ஃபைல் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்தப் பொண்ணு இல்லையா, நல்லாப் பேசுமே என்று வாசலில் இருந்தவரிடம் விசாரித்தார்.

வேலையை விட்டுவிடட்டுமா?

வாயாடி

ஏப்ரல் 10

அருமைத் தங்கைக்கு,

விடாதே. தெரியாமல் செய்ததற்கு இப்படிக் குமைந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? தெரிந்த பிறகு செய்தால்தான் தப்பு.

ஆனால் ஒன்று. அந்த ஆபீசரிடம் போய், இனி அந்தக் கதையை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடு. அப்பா அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

சாப்பாட்டில் கோபத்தைக் காட்டாதே.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்கிறேன். பயிற்சி முடிந்து யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று பார்க்கிற நேரம் இது. இப்போது போய் நின்றால் வேறு மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் பொறு, ஆனதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்.

வாயாடி

ஜூன் 6

தங்கைக்கு,

எங்களுக்கு ஒன்றுமில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். போன வாரம் கடையில் தீப்பிடித்தது. தேய்ப்புப் பெட்டி வயர்தான். தைத்து வைத்த துணி பாதி போயிற்று, ஒரு மெஷினும் போயிற்று. உன் கம்பெனி ஆயிற்றே, உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று போன் செய்யவில்லை.

நேற்று சர்வேயரோடு ஒரு பையன் வந்தான். பயிற்சியில் இருக்கிறானாம், கூச்ச சுபாவம். தண்ணீர் கொடுத்தேன். சர்வேயர் பின்பக்கம் போனார். உடனே இவன், எங்க வீட்டுலயும் இப்படித்தான்க்கா என்று ஆரம்பித்தான். அவன் அப்பாவாம். பலகையாம், துடைப்பக் கட்டையாம். "ராஜா விளக்குப் போடப் போறார்" என்று நீ இழுப்பது போலவே இழுத்தான். கடைசியில் எழுந்து குனிந்து வணக்கமும் வைத்தான்.

நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை எதிர்பார்த்திருப்பான்.

"தம்பி, அது எங்க அப்பா" என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அப்போது சர்வேயருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "வயர் பழசு. டேப் சுத்தித்தான் ஓட்டினேன். தெரிஞ்சேதான் ஓட்டினேன். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அதுக்கு எதுக்குப்பா அவரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

போகும்போது அந்தப் பையன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா

ஜூன் 14

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதுகிறேன். போன மாதமே எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆபீசரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் உனக்கும் வேலை விஷயத்தை எழுதவில்லை.

இன்னொன்று. வயரில் டேப் சுற்றி ஓட்டுகிறேன் என்று மார்ச்சில் நீ எழுதியிருந்தாய். நான் சிரித்தேன். தினம் கருகிய போர்டையும் வயரையும் பார்க்கிறவள், மாற்றிவிடு என்று ஒரு வரி எழுதவில்லை.

இப்போது போய்ச் சொன்னேன். "கதைக்கு யாரும்மா சொந்தக்காரங்க? எல்லாக் கிளையிலயும் அதைத்தான் சொல்லிக் குடுக்கறோம்" என்றார் ஆபீசர்.

மெத்தைக் கடைக்காரரைப் பார்க்கப் போனேன். எரிந்த கடைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தைக்கிறார். என்னைப் பார்த்ததும் அதே ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார முடியவில்லை. அந்தக் கதை பொய் இல்லை, எங்கள் அப்பா நிஜமாகவே அப்படித்தான் என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "இருக்கட்டும்மா. நானும் நிஜமாத்தான் சிரிச்சேன்" என்றார். பிறகு தைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தங்கை

ஜூன் 25

தங்கைக்கு,

வரலாமா என்று கேட்டு வருகிற வீடா இது? வா.

பணம் இல்லை என்று உன் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். புது வயர் போட்டாயிற்று. மெஷினை அத்தான் பிரித்துப் போட்டிருக்கிறார், ஓடினால் ஓடட்டும்.

சின்னவள் நேற்றும் துடைப்பத்தோடு சுவிட்சுக்குக் கீழே போய் நின்றாள். வாங்கி மூலையில் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. நீ தவழ்ந்துகொண்டிருந்தபோது நடந்தது. உனக்கு வேலை நிரந்தரமான அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்து, முதல் வரியை எழுதி, அடித்துவிட்டேன். மேலே அடித்திருப்பது அதுதான். படிக்கப் பார்க்காதே.

அது என்னிடமே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா