ஒரே ஒரு சுத்தமான கோடு

செப்டம்பர் 3, செவ்வாய்

வாசல் மரத்தில் கூடு கட்டியிருக்கும் மாக்பை பறவை இன்றும் தலைக்கு மேல் பாய்ந்து துரத்தியது. சைக்கிள் ஹெல்மெட்டோடுதான் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். பக்கத்து மேசை லியென் சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது.

போர்ட் லிங்கன் ஊரிலிருந்து மிலா என்ற குழந்தையின் ரத்தம் வந்தது. நான்கு வயது. உடம்பெல்லாம் பால் காபி நிறப் புள்ளிகள். மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தபின் செல் வெட்டி எறிய வேண்டிய துண்டு ஒன்றில், நட்டநடுவே ஓரெழுத்து மாறியிருக்கிறது. அதில் ஏமாந்து, குப்பையில் கொஞ்சத்தையும் செல் ஆர்.என்.ஏ.வில் ஒட்டிவிடுகிறதா? இதைச் சொல்வதுதான் என் வேலை. ஆம் என்றால் நரம்புகளில் கட்டி வளர்க்கும் மரபணு நோய்; ஆண்டுதோறும் கண் பரிசோதனை. கண் நரம்பில் கட்டி வளர்ந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். இல்லை என்றால் பரிசோதனைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவள் அம்மா டானிட்சா போன் செய்தாள். "எப்பதாங்க சொல்வீங்க?" செல்களை வளர்த்துச் செய்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பாவமாக இருந்தது. ரத்தத்திலிருந்து நேரே ஆர்.என்.ஏ. எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஒரே கோடு. எந்த மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி; கோளாறு இருந்தால், துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு கோடு தெரிய வேண்டும். நல்ல பிரதியிலிருந்து ஒன்று, கெட்டதிலிருந்து சற்று நீளமானது இன்னொன்று. மறுபடி ஓட்டினேன். ஒன்றுதான். கணினிக் கணிப்போ கோளாறு நிச்சயம் என்கிறது. யாரை நம்புவது?

எங்கள் தலைவர் கார்டன் எட்டிப் பார்த்தார். "என்னா சுத்தம், ப்ரான். ஃப்ரிட்ஜ்ல ஒட்டு." இங்கே இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. படத்தை ஒட்டினேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

'பாதிப்பு இல்லை' என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். சந்தோஷமாக இருக்க வேண்டாமா? ஏன் இல்லை?

செப்டம்பர் 9, திங்கள்

டானிட்சா மறுபடி. "நல்ல சேதிதான். ஆனா புதுசா மூணு புள்ளி வந்திருக்கே, அது எதுக்கு?" எனக்குத் தெரியவில்லை. மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மரபணு வரிசையை எழுத்து எழுத்தாகப் படித்தேன். மிலாவின் இரண்டு பிரதிகளுக்கும் இடையே ஓரிடத்தில் தீங்கில்லாத வித்தியாசம்: ஒன்றில் ஏ, மற்றதில் ஜி. டி.என்.ஏ.வில் இரண்டும் இருக்கின்றன. ஆர்.என்.ஏ.வில் ஜி மட்டும். ஏ எங்கே போனது? குழாய் மாறிவிட்டதா — இல்லை, எண்ணைச் சரிபார்த்தாயிற்று. ஒரு பிரதி பேசவே இல்லையா? அல்லது பேசியது எனக்குக் கேட்கவில்லையா?

லியென் சாண்ட்விச்சை மென்றபடியே பார்த்தாள். "மருந்து போட்டியா?"

ஐயோ. போடலையே.

பிழையான ஆர்.என்.ஏ.வைச் செல் வைத்துக்கொண்டிருக்காது, அழித்துவிடும். செல்களை வளர்த்து, அந்த அழிப்பை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால்தான் பிழை கண்ணில் படும். பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. நான் பார்த்தது செல் கூட்டித் துடைத்து வைத்த சுத்தம். அதைப் போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன், முட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

"அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கலாம்," என்றார் கார்டன். "புது ரத்தம் வேணும்னு அவங்ககிட்ட யார் சொல்றது?"

நானே போன் செய்தேன்.

"மறுபடியும் குத்தணுமா? போன தடவையே மூணு பேர் பிடிக்க வேண்டியிருந்துச்சு." டானிட்சாவின் குரல் ஏறியது. "ஒண்ணுமில்லன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செப்டம்பர் 23, திங்கள்

இரண்டு கோடுகள். மருந்து போட்ட குழாயில் மட்டும், மேலே மங்கலாக அந்த இன்னொன்று. ஜெல் ஓரத்தில் கிழிந்து அசிங்கமாக இருக்கிறது. கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படுவதா, அந்தக் குழந்தைக்காக வருத்தப்படுவதா? கழிவறைக்குப் போய் அழுதேன்.

திருத்திய அறிக்கை மதியமே போய்விட்டது.

அக்டோபர் 17, வியாழன்

மிலாவின் இடது கண் நரம்பில் சின்னக் கட்டி. பார்வை இன்னும் முழுதாக இருக்கிறது. நேரத்தோடு வந்தீர்கள் என்றாராம் கண் மருத்துவர். டானிட்சாவே கூப்பிட்டுச் சொன்னாள். "உங்க மேல இருக்கிற கோவம் போகல. ஆனா உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

இன்று வேறொரு குழந்தையின் ஜெல். ஒரே கோடு, மிகவும் சுத்தம். கார்டன் ஃப்ரிட்ஜைக் காட்டினார். மருந்து போட்ட குழாயின் முடிவு இன்னும் வரவில்லை என்றேன்.