இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு இரண்டு

அன்புள்ள திருகாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் பழையபடிதான், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். குளிர் தாங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் என்ன கேடு என்று நினைப்பாய். போனில் இதை ஆரம்பித்தால் நீ விடுங்கப்பா என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன், ஒன்பது வருஷமாக அப்படித்தான் விட்டிருக்கிறோம். காகிதம் குறுக்கே பேசாது. முழுக்கப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோமே, அந்த இரட்டைக் கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளைத் திறந்துவிட்டேன். நானாகத் திறக்கவில்லை, எதிர்க்கடை டெய்லர் வந்து கேட்டார். ஆமாம், அவரேதான். தெருவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நாமும் இருந்துகொண்டு ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், போன மாதம் ஒருநாள் காலையில் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நம் வாசற்படி வரை வந்துவிட்டார். அந்தக் கட்டையின் சத்தம் எனக்குத் தெரியாததா, அவர் கடை திறப்பதும் பூட்டுவதும் கட்டிலில் படுத்தபடியே எனக்குத் தெரியும். அம்மா முகம் கொடுக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மோதுனதுகூட மறந்துபோச்சுங்க. அந்தச் சத்தம் மட்டும் ஏறுன எடத்துலயே நிக்குது, எறங்கவே மாட்டேங்குது. ஒரு தடவ அது எறங்குறத நான் காதால கேக்கணும். ஓட வச்சுக் காட்டுங்க" என்றார். சொன்னதும் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சத்தத்தை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா. அம்மா மிக்ஸி போட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன், சட்னிக்குப் பயந்த மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்று அவள் கேலி செய்வாள். மிக்ஸியும் ஓடாமல் ஒன்றும் ஓடாமல் சில நாள் காலை பத்து மணிக்குக் கொட்டகைப் பக்கமிருந்து அது கேட்கும். போய்ப் பார்த்தால் தார்ப்பாய் அசையாமல் கிடக்கும். டாங்கில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது, ஆனாலும் மூக்கில் பெட்ரோல் வாசனை ஏறும். இதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை, எனக்கும் கேட்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி வைத்தேன். இடதுக்கு ஒரு தட்டு, வலதுக்கு ஒரு தட்டு, இரண்டையும் கலக்கவே கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. மூடியைத் திருகி இடது ஸ்லைடை வெளியே இழுத்தேன். உனக்கு இது தெரியும், அம்மாவுக்கு விளக்கியபடியே எழுதுகிறேன்: கைப்பிடியை முறுக்கினால் மேலே ஏறி, விட்டால் கீழே இறங்கி எஞ்சினின் மூச்சை அளக்கிற உருளைதான் ஸ்லைடு. அதன் அடி விளிம்பில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும், அந்த வெட்டு காற்று நுழைகிற வாயைப் பார்த்து நிற்க வேண்டும். இடதை வலதிலும் வலதை இடதிலும் போட்டால் வெட்டு எஞ்சின் பக்கம் திரும்பிவிடும், பிறகு கைப்பிடியை எவ்வளவு விட்டாலும் வண்டி அடங்காது, தலைதெறிக்க ரேஸ் ஆகும். நான் இழுத்தபோது இரண்டு வெட்டும் எஞ்சினைப் பார்த்துத்தான் இருந்தன. பார்த்தவுடன் எனக்கு என்ன வந்தது தெரியுமா, நிம்மதி வந்தது. பெண்தான் மாற்றி மாட்டியிருக்கிறாள், நாம் சொன்னது பொய்யில்லை என்று ஒரு நிம்மதி. இப்போது எழுதக் கூசுகிறது, ஆனாலும் மறைக்கவில்லை.

அந்த நிம்மதி பத்து நிமிஷம் இருந்திருக்கும். துணியில் பெட்ரோலை நனைத்து ஸ்லைடைத் துடைத்தேன், பழைய பிசுக்கு கழன்றதும் மேல் விளிம்பின் உள்பக்கம், ஸ்பிரிங் உட்காருகிற இடத்தில், ஊசி முனையால் கீறிய கோடு தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு. மற்றதைத் துடைத்தேன், அதில் ஒரு கோடு. கார்புரேட்டர் உடம்பின் வாயைத் துடைத்தால் அங்கேயும் இருக்கிறது, இடதில் ஒன்று, வலதில் இரண்டு. எனக்குச் சொல்லாமல் நீ செய்த அடையாளம். கோட்டுக்குக் கோடு சேர்த்து மாற்றிப் போட்டேன், வெட்டு இரண்டும் சரியாகத் திரும்பிக்கொண்டன. இரண்டு ஸ்லைடும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அளக்க நீ நூல் சுற்றி வைத்திருந்த டிரில் பிட் கருவிப் பெட்டியிலேயே கிடந்தது, அதை எடுத்து இடது ஸ்லைடின் அடியில் விட்டேன், லேசாக உரசிக்கொண்டு போனது. வலதில் விட்டேன், அதே உரசல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில் நீ வைத்த அளவு, ஒரு மயிரிழை பிசகவில்லை, நீ மாட்டியது சரியாகத்தான் இருந்திருக்கிறது. கையில் பிட்டை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா கண்ணில் தூசியா என்று கேட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நீ மாட்டி முடித்துவிட்டு, நாளைக்கு நீங்களே உதைத்து ஸ்டார்ட் பண்ணுங்கப்பா என்றாய். காலையில் நீ குளிக்கப் போன நேரம் நான் இரண்டு மூடியையும் திறந்து ஸ்லைடுகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். பம்பு நிலையத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராகக் குப்பை கொட்டினவனுக்குப் பத்தொன்பது வயசுப் பெண்ணின் கைமேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் திருடன் மாதிரி அவசர அவசரமாகத் திரும்ப மாட்டினேன். பத்து மணிக்கு உதைத்தேன், உதைத்ததும் வண்டி கத்தியது. அந்த நொடியே சாவியைத் திருப்பி அணைத்திருக்க வேண்டும், எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். அணைத்தால் திறந்து பார்க்க வேண்டும், பார்த்தால் நான் கை வைத்தது உனக்குத் தெரிந்துவிடும். நீ ஈரத் தலையோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். ஓடினால் அடங்கிவிடும் என்று கியரைப் போட்டேன், வண்டி நேரே எதிர்க்கடைக்குள் பாய்ந்தது. தெருவைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும், மிதியில் கால் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவருக்கு எழுந்திருக்கக்கூட நேரமில்லை. அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே போனது. கூட்டம் கூடியபோது நான் அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பொண்ணுதான் நேத்து மாட்டினா." நீ என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாய்.

திறந்தேன், பார்த்தேன், பார்த்தபடியே வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி அதை நம்பவும் செய்தேன். பொய் சொல்பவனைவிடத் தன் பொய்யை நம்புகிறவன் நிம்மதியாகத் தூங்குவான் என்பார்கள், அதுவும் பொய், நான் தூங்கவில்லை. நீ படிப்பையே மாற்றிக்கொண்டு தூரமாகப் போனாய், போகட்டும் நல்லதற்குத்தான் என்றேன். பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறாள் என்று போன தடவை மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோடுகளைப் பார்த்த அன்றைக்கே அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மூன்று நாள் பேசவில்லை, தட்டை மட்டும் வைத்தாள், அதுவும் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். அந்த மூன்று நாளில்தான் மிச்ச வேலையை முடித்தேன். பெட்ரோல் போகிற பொடித் துளைகள் பச்சை பூத்து அடைத்திருந்த ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்து ஊதினேன், மிதவையைச் சரி செய்தேன், இரண்டு கார்புரேட்டர் உடம்பையும் அவளுடைய பெரிய பாத்திரத்தில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சினேன். அதற்காகத்தான் வாயைத் திறந்தாள், இனிமேல் அதிலேயே பொங்கித் தின்னுங்கள் என்று. அதோடு விடாமல், மகளுக்கு எழுதுவதற்கு முன்னால் எதிர்க்கடைக்குச் சொல்லுங்கள் என்றாள்.

நேற்று காலை பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார், வேர்த்திருந்தது. மூன்றாவது உதையில் எடுத்தது. கைப்பிடியை முறுக்கினேன், சத்தம் ஏறியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். விட்டேன். இறங்கியது, நிதானமாகப் படி இறங்குகிற மாதிரி இறங்கி அடியில் நின்று டுக்கு டுக்கு என்று ஓடியது. இன்னொரு தடவை என்றார், அதற்கப்புறம் இன்னொரு தடவை. அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன், கோடு, பிட், குளியலறைத் தாழ்ப்பாள், ஒன்று விடாமல். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அப்போ அந்தப் பொண்ணு என்று மட்டும் கேட்டார். பிறகு கடைக்குப் போய் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். ஹாஸ்டலிலிருந்து நீ அவருக்கு எழுதிய கடிதம். நீ எழுதினாய் என்றே எனக்குத் தெரியாது, அவரும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. "செய்யாததுக்கு அந்தப் புள்ள மன்னிப்புக் கேட்டிருக்கு. இத நான் வச்சிருக்கக் கூடாது, அதுகிட்டயே சேத்துருங்க" என்றார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கை கூப்பினேன். கூப்பின கையை அவர் பார்க்கவே இல்லை. "வாயால அன்னைக்கும்தான் சொன்னீங்க. எழுதிக் கொண்டாங்க" என்றார்.

அவருக்கு எழுத உட்கார்ந்து நான்கு தாள் கிழித்தாயிற்று, இன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். சத்தம் இறங்கிவிட்டது, ராத்திரி தூங்கினேன் என்று காலையில் தெருவின் அந்தப் பக்கமிருந்தே சொன்னார். எனக்கு இறங்கவில்லை. இப்போது வண்டிச் சத்தம் கேட்பதில்லை, என் குரல் கேட்கிறது, அந்த ஒரு வரி. அது எனக்கு வேண்டியதுதான்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் கை எதைத் தொட்டாலும் ஓட வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். காதை மூடிக்கொள்ள மறக்காதே. உன் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நான் பிரித்துப் படிக்கவில்லை. டெய்லர் அதைத் திருப்பித் தந்துவிட்டார் என்பதை மட்டும் மனசில் வை.

அன்றைக்கு மாட்டியது நான்தான்,
உன் அப்பா.