பழைய ஸ்பீடு போதும்

மச்சான்,

காட்கோபர்ல என் கூடப்பொறந்த ராத்தா வீட்டுக்குப் போறேன். மீன் குழம்பு இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம மூணு நாளா நீங்க மல்லுக்கட்டின புதுக் கம்ப்யூட்டர் இப்போ ஆன் ஆகுது. "நீ தொடாத"ன்னு சொன்னீங்க, தொட்டுட்டேன். நீங்க செட்டிங்ஸ்ல போயி ஸ்பீடக் கூட்டினதுதான் அதுக்கு ஒத்துக்கல. வீடியோவப் பாத்து, ப்ளக்கப் பிடுங்கிட்டு, உள்ள இருக்குற வட்ட பேட்டரியப் பத்து நிமிஷம் கழட்டி வச்சுத் திரும்ப மாட்டினேன். நீங்க மாத்தின செட்டிங்ஸ் அழிஞ்சு பழைய ஸ்பீடுக்கே வந்துருச்சு. இனிமே கூட்டாதீங்க.

நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு சயான் ஸ்டேஷன்ல இறங்குவேன். முடிஞ்சா வாங்க.

அஸ்ரின்

ஸ்க்ரீன்ல வெளிச்சம் வந்ததும், "மச்சான், வந்துருச்சு பாருங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். அப்புறந்தான் நீங்க கடைக்குப் போயிட்டது ஞாபகம் வந்துச்சு. உங்க நாற்காலியிலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்.