திரைக்குப் பின்னால் மணிச் சத்தம்

இன்று காலை வேலையில் நீலத் துணிச் சுருள் ஒன்றைப் பிரித்தார்கள். அந்த வாசம் உமக்குத் தெரியும். நெருப்புப் பிடிக்காமல் இருக்கத் துணியில் ஏற்றுகிற மருந்தின் வாசம். மூக்குக்குள் ஏறினால், பின்னேரம் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் போகாது. நான் மெசினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். சுப்பவைசர் வந்து, சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். உம்முடைய கதிரையில் இப்போது ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை இருந்து தைக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் அவளோடு சண்டை பிடிக்க முடியவில்லை.

களைப்பாக இருக்கிறது. இதை உமக்கு மட்டும்தான் சொல்லலாம். வேறு யாருக்குச் சொன்னாலும் விற்றமின் குளிசை போடச் சொல்கிறார்கள். தோள்மூட்டு இறுகிப்போய்க் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில்களைச் சுற்றி இழுத்துவிடுகிற திரைகளை இத்தனை வருடமாகத் தைத்துத் தைத்து, எத்தனை பேரின் வேதனையை மூடிவிட்டோமோ தெரியாது. நீரும் நானும் பக்கத்துப் பக்கத்து மெசின். குடியிருந்ததும் வெக்ஸ்போர்டில் ஒரே மாடிக்கட்டடம். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தோம். நீர் சபைக்குப் போகிற வேதக்காரி, நான் சைவம். அதனால் கதைக்க எப்போதும் ஏதாவது இருந்தது.

இந்த நீலத்தைக் கண்டதும் உம்முடைய கூடாரம்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் எடுத்தீர். ஒரு கோடை விடுமுறைக்கு, இஸ்ரவேலர் பாலைவனத்தில் கும்பிட்ட ஆசரிப்புக் கூடாரத்தைச் சபை மண்டபத்துக்குள்ளேயே கட்டிக் காட்டப்போகிறேன் என்று நின்றீர். வெட்டி மிஞ்சிய நீலத் துண்டுகளைச் சுப்பவைசரிடம் கேட்டு வாங்கினீர். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடந்தது.

"இஞ்ச பாரும். உம்மட சோத்துப்பெட்டி வெளிமுற்றம். சனம் எல்லாம் வரலாம். என்ர பெட்டி பரிசுத்த ஸ்தலம், ஆசாரியர் மட்டும்தான். இந்த ஊறுகாய்ப் போத்தல் மகா பரிசுத்த ஸ்தலம். பிரதான ஆசாரியன் மட்டும் போகலாம், அதுவும் வருசத்தில ஒரு நாள்."

"ஆசாரியோ? அந்தக் கூடாரம் கட்டின தச்சாசாரியே உள்ள போறார்?"

"ஐயோ, ஆசாரி இல்லையப்பா, ஆசாரியன்! உங்கட ஐயர் மாதிரி."

அன்று நீர் சிரித்த சிரிப்பில் உமக்குப் புரைக்கேறிவிட்டது. பிறகு நான் கேட்டேன், உள்ளே என்ன சாமி இருக்கிறது என்று. உருவம் ஒன்றும் இல்லை என்றீர். பொன் தகடு பொதிந்த உடன்படிக்கைப் பெட்டி, அதற்குள்ளே கட்டளைகள் எழுதிய கற்பலகைகள். பெட்டியின் மூடிக்கு மேலே செட்டை விரித்த இரண்டு கேருபீன்கள், தேவதூதர்கள் மாதிரி. அந்தச் செட்டைகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் அவர் வந்து இருப்பார். அந்த மூடிக்குப் பெயர் கிருபாசனம். எனக்கு உடனே கதிர்காமம் ஞாபகம் வந்தது. அங்கேயும் மூலஸ்தானத் திரையை விலக்க மாட்டார்கள், திருவிழாவில் யானைமேல் வருவதும் பெட்டிதான். இதைச் சொன்னதும் நீர் கையைக் கழுவாமலே யோசித்துக்கொண்டிருந்தீர். "அப்ப உங்களுக்கும் விளங்கும்," என்றீர்.

கூடாரம் கட்டிய கூத்தை நினைத்தால் இந்தக் களைப்பிலும் சிரிப்பு வருகிறது. திரைக்கு நீலம் வேலையிடத்துத் துணி, சிவப்பு உம்முடைய பழைய சேலை. வேதம் சொல்கிற இரத்தாம்பரம் என்றால் என்ன நிறம் என்று இருவருக்கும் சண்டை வந்து, கடைசியில் என் கத்தரிப்பூச் சேலை வெட்டுப்பட்டது. பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற ஐஸ்பெட்டிக்குப் பொன் தாள் ஒட்டினோம். மேலே செட்டை கட்டிய இரண்டு பொம்மைகள். பெட்டியைத் தூக்கத் திரைக்கம்பிகளைத் தண்டாகச் செருகினோம். இடம் காணாது, கம்பிகளைக் கழற்றி வைப்போம் என்றேன். கூடாது என்றீர். பெட்டி நிற்கிற இடத்திலும் தண்டுகள் அதிலேயே இருக்க வேண்டும் என்று கட்டளையாம். "எந்த நேரமும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேணுமெல்லோ. எங்கட சனம் மாதிரித்தான்," என்றீர்.

விளக்குக்கு என் வீட்டுக் குத்துவிளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர். அதற்கு ஐந்து முகம், உமக்கு ஏழு சுடர் வேண்டும். இரண்டு சிட்டி விளக்கைக் கம்பியால் கட்டி ஏழாக்கினீர். சபையில் பாட்டுப் படிக்கிற பெடியன் அதைப் பார்த்துவிட்டு, "அன்ரி, திஸ் இஸ் ரோங். மெனோரா இப்பிடி இருக்காது, அதில பிராஞ்சஸ் இருக்கும்," என்றான். "தமிழ் வேதத்தில குத்துவிளக்கு எண்டுதான் கிடக்கு, தம்பி. நான் தமிழிலதான் வாசிச்சனான்," என்று சொல்லிவிட்டு நீர் பாட்டுக்குக் கம்பியை முறுக்கினீர். சைவக்காரியின் விளக்கு சபை மண்டபத்தில் நின்றது அப்படித்தான்.

பிறகு மணி. பிரதான ஆசாரியனின் அங்கி ஓரத்தில் பொன்மணிகள் தொங்க வேண்டும். அவர் திரைக்கு உள்ளே போன பிறகு ஒருவரும் பார்க்க முடியாது. உள்ளே தப்பு நடந்தால் சாவுதானாம், மணிச் சத்தம் கேட்டால்தான் ஆள் உயிரோடு நிற்கிறார் என்று வெளியில் நிற்கிற சனத்துக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தீர். மணிக்கு எங்கே போவது? உம்முடைய மகள் அப்போது பரதநாட்டியம் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய சலங்கையை எடுத்து அங்கி ஓரத்தில் தைத்து, அவளையே பிரதான ஆசாரியனாக்கினீர். பொம்பிளைப் பிள்ளை எப்படி ஆசாரியன் ஆகலாம் என்று ஒரு அங்கிள் கேட்டார். "சலங்கை ஆரிட்ட இருக்கோ அவதான் உள்ள போறது. உங்கட மகனிட்ட இருந்தால் கொண்டுவாங்கோ," என்றீர்.

பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிய அன்று நானும் வந்து பின்வரிசையில் இருந்தேன். மகள் தூபத்தட்டை ஏந்திக்கொண்டு கிலுக் கிலுக்கென்று திரைக்குப் பின்னால் போனாள். பிறகு சத்தம் நின்றுபோனது. எல்லாரும் காத்திருந்தோம். ஒரு அசைவும் இல்லை. உள்ளே அரை இருட்டில், பொன் பெட்டியையும் செட்டை விரித்த பொம்மைகளையும் கண்டு பிள்ளை விறைத்துப்போய் நின்றிருக்கிறாள். தப்பாக அசைந்தால் செத்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறாள். நீர் சொன்னதை அப்படியே நம்புகிற பிள்ளை. நீர் சப்பாத்தை உதறி எறிந்துவிட்டுத் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர். சலங்கை ஒரேயடியாகக் குலுங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியில் வந்தீர். அந்த அங்கிள் விடவில்லை. நீங்கள் உள்ளே போகக்கூடாதே என்றார்.

"சத்தம் நிண்டால் தாய் போவாள். கட்டளை எழுதின மோசேயிட்ட நான் கதைக்கிறன்."

பின்னேரம் அங்கியை மடிக்கும்போது ஒரு சலங்கை மணி கழன்று என் மடியில் விழுந்தது. தந்தேன். "நீரே வைச்சிரும்," என்றீர். அன்றிலிருந்து அது என் சாவிக்கொத்தில் கிடக்கிறது.

அவ்வளவு செய்த தாய் பிறகு என்ன செய்தீர்? கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன். மகள் வளர்ந்தாள். நாட்டியத்தை விட்டாள், சபையை விட்டாள், கல்யாணம் கட்டாமலே ஒருவனோடு ஒட்டாவாவுக்குப் போனாள். நீர் கதவடியில் நின்று, "இனி இந்த வாசலுக்குள்ள கால் வைக்காதே," என்றீர். கோபத்தில் வந்த வார்த்தை. பின்னேரமே ஆறிப்போயிருக்கும். ஆனால் அவள் நம்பிவிட்டாள். வருடக்கணக்காக வரவில்லை. மத்தியானம் தவறாமல் நான், அவளுக்குப் போன் எடும் எடும் என்று கத்தினேன். "அவ எடுக்கட்டும்," என்றீர். நான் அவளுக்குப் போன் எடுத்தால், "அம்மா வரச் சொன்னால் வருவன் அன்ரி," என்றாள். உங்கள் இருவரின் வீம்புக்கும் நடுவில் அலைந்து அலைந்தே எனக்குப் பாதிக் களைப்பு வந்தது.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்துகொண்டும் கட்டிலைச் சுற்றியிருந்த திரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தீர். "இது எங்கட தையல் இல்லை. இழுத்துக்கொண்டு கிடக்கு," என்றீர். "வருத்தக்காரியாய்ப் படும், சுப்பவைசர் வேலை பாக்காதையும்," என்றேன். இனி அதிக நாள் இல்லை என்று டொக்டர் என்னிடம் சொன்ன அன்று, உம்மைக் கேட்காமலே அவளுக்கு எடுத்தேன்.

"அம்மா வரச் சொன்னவவோ?"

"சொல்லேல்லை. நான் சொல்லுறன், வா."

வந்தாள். திரைக்கு வெளியே, குளிர் கோட்டைக் கழற்றாமல் நின்றாள். உள்ளே போ என்றேன். "ஐ கான்ட், அன்ரி. அம்மா கால் வைக்காதே எண்டவ," என்றாள். அதே பிள்ளைதான், அதே விறைப்புத்தான். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. எனக்கும் பலம் போய்விட்டது. இவள் இப்படியே திரும்பிப் போய்விடுவாள், நீர் இப்படியே கண்ணை மூடிவிடுவீர் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரித் திரை, யார் தைத்தாலும், நிலம்வரை வராது. யார் நிற்கிறார்கள் என்று கால் தெரிய வேண்டும், அதற்காக விடுகிற இடைவெளி. அதற்குள்ளால் அவளுடைய சப்பாத்தைக் கண்டிருக்கிறீர். முந்தின நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாதிருந்த நீர், உள்ளேயிருந்து கேட்டீர்:

"சலங்கைச் சத்தம் கேக்கேல்லையே. உயிரோட நிக்கிறியோ, பிள்ளை?"

அவளுடைய முகம் உடைந்துபோனது. நான் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்த மணியைக் கண்டாள். ஒரு தரம் குலுக்கினாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வெளியில் நின்றேன். மருந்தோடு வந்த தாதியைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். உள்ளே என்ன கதைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் இன்றுவரை கேட்கவுமில்லை. அழுகை கேட்டது, இடையிடையே மணி கேட்டது, அது எனக்குப் போதும். அந்தக் கிழமைக்குள்ளேயே நீர் போய்விட்டீர். அவளுடைய கை உம்முடைய கைக்குள் இருந்தது.

அவள் இப்போது ஒட்டாவாவை விட்டு, இங்கே கிட்ட அஜக்ஸுக்கு வந்துவிட்டாள். சாவிக்கொத்தை மணியோடு திருப்பித் தந்தாள். நான் தனியாக இருக்கிறேன் என்று பின்னேரங்களில் போன் எடுப்பாள். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் சரி, நான் போனைத் தூக்கும்வரை விடமாட்டாள். பிடிவாதம் உம்முடையதுதான், வேறு யாருடையது?

இன்று வேலையால் வந்து, கோட்டையும் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். கையில் இன்னும் அந்த நீலத் துணியின் வாசம். விளக்குக்கூட ஏற்றவில்லை. இனி எழும்பி என்னத்துக்கு என்றுதான் இருந்தது. போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன்.

"அன்ரி, சத்தத்தைக் காணேல்லை?"

இருட்டுக்குள் தடவிச் சாவிக்கொத்தை எடுத்தேன். போனுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "நிக்கிறன்."