கிடங்கில் கட்டிய கயிறு

ஒரு காலத்தில் என் கணவனாக இருந்தவனுக்கு,

உன் பேட்டியைப் படித்தேன். மேக்கன் ஊர்ப் புகையிலைக் கிடங்கில் நடந்த நடனத்தில், வெள்ளையரையும் கறுப்பரான நம்மவரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவுத்தோம்" என்று சொல்லியிருக்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பாட்டைப் பாதியில் விட்டு மேடையிலிருந்து இறங்கி, அந்த முடிச்சில் கைவைத்தவள் நான். நீ பியானோவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேல வாடி, பொழப்பக் கெடுக்காத" என்று பல்லைக் கடித்தாய். போலீஸ் என்னை இழுத்துப் போனபோதும் உன் விரல்கள் நிற்கவில்லை. அதன்பிறகு எந்த மேடையும் என்னைக் கூப்பிடவில்லை. பதினாறு வருடம் ஊர்வலங்களில்தான் பாடினேன்.

இப்போது அருங்காட்சியகத்தில் வைக்க அந்தக் கயிற்றை அனுப்பச் சொல்கிறாய்.

என்னிடம் ஏது? டிக்கெட் கிழிக்கும் வெர்லீன், மறுநாள் சிறைக்குச் சோளரொட்டி கொண்டுவந்தாள். கயிறு என்னவாயிற்று என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"திருப்பிக் கட்டச் சொல்லி முதலாளி கத்துனாரு. யாரும் அசையல. உன்னை இழுத்துட்டுப் போனப்ப எந்திரிக்காத உன் புருஷன், அதுக்கு எந்திரிச்சாரு. நல்லா இறுக்கித்தான் கட்டுனாரு."

இப்படிக்கு,
தனியாக அவிழ்த்தவள்