நான்காம் பக்கத்தில் வெட்டிய வரி

சாய்ந்தமருது
12.03.1956

அன்பு மகன் மஜீட்டுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி றாஹிலாவும் மருமகன் ஜவுபரும் சுகம், பம்பாயில் நீயும் சுகமாய் இருந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

மேற்படிப்புக்கான சமூகவியல் நுழைவுப் பரீட்சைக்கு நீ எழுதிக் கொண்டுபோக வேண்டிய கட்டுரை புதன்கிழமை தபாலில் வந்தது. இங்கிலீசைப் பார்க்கச் சொல்லியிருந்தாய். கன்னியர் மடத்தில் படித்தது எனக்கு மறக்கவில்லை, சிவப்புப் பென்சிலால் பதினொரு இடத்தில் திருத்தியிருக்கிறேன், பட்டம் பெற்றவனுக்குப் பதினொரு பிழை அதிகம். ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரியை முழுதாக வெட்டியிருக்கிறேன், அது இங்கிலீசுப் பிழை அல்ல. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் மனமுவந்து குசினிப் பக்கம் ஒதுங்குகிறாள் என்று எழுதி, என் தாயாரிடம் கண்டது என்று அடிக்குறிப்பும் போட்டிருக்கிறாய். மகன், உன் தாயாரிடம் நீ எப்போது கேட்டாய்?

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று நீயும் விறாந்தையில் இருந்தாய், சாட்சிக் கையெழுத்து உன்னுடையது. நொத்தாரிசு பத்திரத்தை வாசித்து முடித்ததும் நான் ஒன்றும் கதைக்காமல் கையெழுத்து வைத்தேன், அதை நீ சந்தோசம் என்று எடுத்துக்கொண்டாய். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. என் உம்மாவும் எனக்கு இப்படித்தான் தந்தா, அவவிடம் நானும் கேட்கவில்லை, அது இப்போதுதான் உறுத்துகிறது. மருமகன் நல்லவர். கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை, மாமி, ஆக்கள் வந்தா இருக்க இடமில்ல, மேசையக் குசினிப் பக்கம் வைப்பமா என்று மரியாதையாகத்தான் கேட்டார், நானும் ஓம் என்றேன். உன் வாப்பா நான் எழுதவென்று செய்வித்த மேசை, இப்போது அடுப்பு விறகுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இந்த மாரிக்குக் கிடுகுக் கூரை ஒழுகி ஒரு மூலை ஊறிவிட்டது. பக்கத்து வீட்டுச் சுல்பிகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன மச்சி, குசினிக்குள்ள கந்தோர் போட்டிருக்காய் என்று சிரிக்கிறாள். உன் கட்டுரையை அந்தக் குசினி ஆபீசில் இருந்துதான் திருத்தினேன்.

இரண்டு நாள் எனக்கு மனம் சரியில்லை. அந்த வரியை எடுத்தால் உன் கட்டுரையின் நடுத்தூணே போகிறது, பரீட்சைக்கு ஒரு மாதமும் இல்லை, இடம் கிடைக்காமல் போனால் அந்தப் பழி என் பென்சிலுக்குத்தான். விட்டுவைத்தாலோ என் பெயரைச் சொல்லி நீ ஒரு பொய்யோடு உள்ளே போகிறாய். காக்கா என்ன எழுதியிருக்கார் என்று உன் தங்கச்சி றாஹிலா கேட்டாள், எழுத்துப் பிழைகள் என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, இதைப் பற்றி அவளுக்கு நீ எழுதவும் வேண்டாம்.

கட்டுரையைப் பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். நோன்பு பிறக்க முன் பரீட்சை முடிவது நல்லது, வெறும் தேத்தண்ணீரோடு இருந்து படிக்காதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத்துச் செய்வானாக. வெட்டிய இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை, அது உன் வேலை. என் தாயாரிடம் நான் கேட்கவில்லை என்று உண்மையை எழுது. அப்படி எழுத வெட்கமாக இருந்தால் இப்போதாவது என்னிடம் கேட்டு ஒரு கடிதம் போடு, விமானத் தபாலில் போட்டால் பரீட்சைக்கு முன் பதில் வர நாள் காணும். பதில் எழுத மேசை இருக்கிறது.

உன் உம்மா,
மீ. ஹாஜறா உம்மா